பாகல்: பந்தலில் ஒரு கசப்புக் கொடி

பாகல், வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் கொடி. தாவரவியல் பெயர் மொமோர்டிகா சரண்டியா. லின்னேயஸ் 1753இல் சூட்டியது. 'மொமோர்டிகா' கடித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; விதையின் ஓரம் யாரோ கடித்துவிட்டதுபோலத்தான் இருக்கும்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பேச்சுவழக்கில் இது பாவக்கா. நீண்டதைக் கொம்புப் பாகல் என்றும் குட்டையாய் உருண்டதை மிதிபாகல் என்றும் பிரித்துச் சொல்வது தமிழ் வழக்கம். ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் விதைப்புக்கு ஏற்றவை. தோல் தடித்த விதை என்பதால் ஊறவைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

காலையில் பந்தலடியில் நின்று பார்த்தால் கொடியின் சூட்சுமம் புரியும். மஞ்சள் பூக்களில் பெரும்பாலானவை வெறுங்காம்பில் நிற்கும் ஆண்பூக்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பூக்களுக்கு அடியில் மட்டும் விரல்நுனி அளவில் முண்டும் முடிச்சுமாகக் குட்டிப் பாகற்காய் தொங்கும். அவையே பெண்பூக்கள். ஆண்பூ மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பெண்பூ பெருக, இளங்கொடியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கலந்து வாரம் ஒருமுறையாக 4 தடவை தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

பிஞ்சு தப்பினாலும் பழ ஈ விடுவதில்லை. இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். காய் கோணி, உள்ளே புழுவைத்து அழுகும். இதே ஈயை ஜப்பானின் ஒகினாவா தீவுகள், மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு 1993இல் முற்றாக ஒழித்தன. நம் விவசாயிக்குக் கைகொடுப்பது இனக்கவர்ச்சிப் பொறியும், சொத்தைக் காயைப் பொறுக்கிப் புதைப்பதும்தான்.

கசப்புக்குக் காரணம் மொமோர்டிசின் முதலான பொருட்கள். சர்க்கரை நோய்க்குப் பாகற்காய்ச் சாறே போதும் என்பது மிகைப்பேச்சு: காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2012 தொகுப்பு அதற்குப் போதிய சான்றில்லை என்றது. மாத்திரை சாப்பிடுபவர் கூடவே சாற்றையும் குடித்தால் சர்க்கரை அளவு அளவுக்கு மீறி இறங்கக்கூடும்; மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பறிக்காமல் விட்ட காய் ஆரஞ்சு நிறமாகப் பழுத்து மூன்றாகப் பிளந்து விரியும். உள்ளே விதையைச் சுற்றியிருக்கும் சிவந்த சதை இனிக்கும்.