அறுவையற்ற முகப்பொலிவுச் சிகிச்சை (மலேசியா)

முகச்சுருக்கம், கரும்புள்ளி, தளர்ச்சி ஆகியவற்றைக் கத்தி வைக்காமல் குறைக்கும் மருத்துவ முறைகள். போட்டுலினம் ஊசி, ஹயலுரோனிக் அமில நிரப்பி, வேதித் தோலுரிப்பு, லேசர் ஆகியவை முக்கியமானவை. 2002இல் அமெரிக்கா புருவ இடைக்கோடுகளுக்கு அனுமதித்த போட்டுலினம், தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டலைத் தடுக்கிறது. பலன் பொதுவாக 3 முதல் 4 மாதம். நிரப்பி இரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். கருநிறத் தோலில் லேசர் அளவு மீறினால் கருமை படியலாம்.

மலேசியாவில் சுகாதார அமைச்சின் விதிகளின்படி தகுதி பெற்ற மருத்துவர்களே, பதிவுபெற்ற கிளினிக்கில் ஊசி போடலாம். அழகு நிலையங்கள் போடக்கூடாது. கெடாவின் தென்கோடியான பண்டார் பாரு வட்டாரத்துத் தோட்டங்களில் வெயிலில் உழைப்போருக்குச் சுருக்கமும் கரும்புள்ளியும் வராமல் தடுக்கத் தொப்பியும் சூரியக்காப்புக் களிம்புமே முதல் காப்பு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரச வெளுப்புக் களிம்புகள் தடைசெய்யப்பட்டவை. எந்தக் களிம்பையும் ‘என்.ஓ.டி.’ எனத் தொடங்கும் அறிவிப்பு எண்ணைச் சரிபார்த்தே வாங்க வேண்டும்.