அங்கொடைக்கும் மறதிக்கும் இடையில்: கொழும்பில் ஒரு மூளைநோயின் வரலாறு

கொழும்பில் மனநலப் பராமரிப்பின் வரலாறு, மனிதரை நோயின் அடிப்படையில் அன்றி நடத்தையின் அடிப்படையில் ஒதுக்கிவைத்ததிலிருந்து தொடங்குகிறது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் அமைத்த தொழுநோயாளர் இல்லத்திலேயே பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் சித்தசுவாதீனம் இழந்தோரும் தங்கவைக்கப்பட்டனர். 1847இல் பொறளையில் அவர்களுக்கெனத் தனி விடுதி எழுந்தது. அதுவும் போதாமற்போகவே, அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கறுவாத்தோட்டத்தை அடுத்த ஜாவத்தையில் பெரிய கட்டடம் ஒன்று கட்டப்பட்டது. பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகமாக இயங்கிய அக்கட்டடம் இன்று சுதந்திர சதுக்கத்தருகே கடைத்தொகுதியாக விளங்குகிறது. 1926இல் அங்கொடை மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின்னர், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரின் பேச்சிலும் அவ்வூரின் பெயரே ஒரு வசையாக மாறியது.

அதே காலப்பகுதியில் ஐரோப்பாவில் வேறொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. 1892இல் பிராக் நகரில் ஆர்னல்ட் பிக் என்னும் மருத்துவர், பேச்சாற்றலை இழந்த முதியவர் ஒருவரின் மூளையில் குறிப்பிட்ட மடல்கள் மட்டுமே சுருங்கியிருந்ததை விவரித்தார்; 1911இல் அலோய்ஸ் அல்சைமர் அத்தகைய மூளையின் உயிரணுக்களில் காணப்பட்ட மாற்றங்களை நுண்ணோக்கியால் கண்டறிந்தார்; அங்கொடை திறக்கப்பட்ட 1926ஆம் ஆண்டிலேயே ஒனாரி, ஸ்பாட்ஸ் ஆகிய இருவரும் இந்நோயை விரிவாக வரையறுத்து பிக்கின் பெயரை அதற்கு நிலைபெறச் செய்தனர். நெற்றிக்குப் பின்னாலும் காதோரத்திலும் உள்ள மூளை மடல்கள் படிப்படியாகத் தேயும் இந்நோய்க்கூட்டம் இப்போது ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா எனப்படுகிறது.

முதுமையில் அறிவு தடுமாறுவதை 'அறளை பெயர்தல்' என்று ஈழத்தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். 2001இல் கொழும்பில் லங்கா அல்சைமர் நிறுவனம் தோன்றியதும், 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா இருப்பதை ராகமையில் நடந்த ஆய்வு 2003இல் வெளியிட்டதும், அத்தடுமாற்றம் முதுமையின் இயல்பன்று, நோயே என்ற தெளிவை வளர்த்தன. ஆயினும் மறதியை முதன்மை அடையாளமாகக் கொண்ட இத்தெளிவுக்குள் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா எளிதில் அடங்குவதில்லை. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் அது, நினைவாற்றலைத் தொடக்கத்தில் விட்டுவைத்து, கூச்சம், பரிவு, நிதானம் ஆகியவற்றை முதலில் அழிக்கிறது. ஆகவே செட்டியார் தெருவில் நெடுங்காலம் நேர்மையாக வணிகம் நடத்திய ஒருவர் திடீரெனப் பணத்தை வாரியிறைத்தாலோ, மனைவியின் துயரைக் கண்டும் அசையாதிருந்தாலோ, அது குணக்கேடாகவோ மனநோயாகவோதான் கொள்ளப்படும்.

1994இல் லுண்ட், மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வகுத்து, 2011இல் பன்னாட்டு வல்லுநர் குழு செம்மைப்படுத்திய வரையறை இக்குழப்பத்தை நீக்க முயன்றது. கட்டுப்பாடிழத்தல், ஆர்வமின்மை, பரிவிழத்தல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், உணவுப் பழக்கம் மாறுதல், நினைவு ஓரளவு நிலைத்திருக்கத் திட்டமிடும் திறன் மட்டும் குன்றுதல் என்னும் ஆறில் மூன்று காணப்பட்டு நிலைமை மோசமடைந்துவந்தால், நடத்தை மாற்றத்தை முதன்மையாகக் கொண்ட வகை எனச் சந்தேகிக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் அதனை உறுதிப்படுத்த உதவும். ஆனால் இம்மாற்றங்களை நோயாளி தாமே உணர்வதில்லை. உடன் வாழ்வோரின் சாட்சியமே இங்கு முதற்சான்று. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் பெற்றோருக்கு அச்சாட்சி கிடைப்பது அரிது. அவ்வாறே, இந்நோய்க்கூட்டத்தில் சொற்களின் பொருளே அழியும் மற்றொரு வகையைத் தாய்மொழியில் சோதித்தால்தான் தெளிவாக அறியமுடியும் என்பதால், 2011இல் மொன்ட்ரியல் அறிதிறன் சோதனையின் சிங்கள வடிவம் கொழும்பில் சரிபார்க்கப்பட்டதைப் போல, ஈழத்து வழக்குக்கு இசைந்த தமிழ்ச் சோதனைகளும் மருத்துவமனைகளில் வழக்கமாக வேண்டும்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும் காலத்தே கண்டறிந்தால் பயனற்ற மருந்துகளைத் தவிர்க்கலாம், சொத்தைக் காக்கலாம், நோயாளியை வீண்பழியிலிருந்து மீட்கலாம். ஆகவே, நடுவயதில் ஒருவரின் குணம் காரணமின்றி மாறினால், அவரைக் கண்டிப்பதற்கு முன்னர் நரம்பியல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே குடும்பத்தின் முதற்கடமை.