பத்தியம்: இருப்பதும் போடுவதும்

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர் பத்தியம் இருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்கோ பத்தியம் ஆக்கிப் போடுகிறார்கள். சேரும் வினை மாறியதும் அதே சொல் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. முன்னதில் வாயைக் கட்டுவது முக்கியம். பின்னதில் வயிறு நிறைய ஊட்டுவது முக்கியம்.

வடமொழியில் வழியைக் குறிக்கும் ‘பத’ என்பதன் அடியாகப் பிறந்தது ‘பத்ய’. வழிக்கு ஒத்தது என்று பொருள். ‘சத்ய’ சத்தியமானது போல இதுவும் தமிழில் பத்தியமாயிற்று. செய்யுளைக் குறிக்கும் பத்தியம் வேறு. தமிழ் எழுத்தில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. சரக சம்கிதையின் விளக்கப்படி, உடலின் வழிகளுக்குக் கேடு செய்யாததும் மனத்துக்கு உவப்பானதுமே பத்தியம். அதாவது, சொல்லின் முதற்பொருள் உண்ணத்தக்கது என்பதே. ஆகாததற்கு ‘அபத்தியம்’ என்று தனிச்சொல் இருந்தது.

தமிழ் வழக்கில் அந்த ஆகாததின் பட்டியலே பத்தியம் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது. உப்பில்லாப் பத்தியம், கடும்பத்தியம், மருந்து முடிந்த பின்னும் தொடரும் மறுபத்தியம் எல்லாம் விலக்கின் வகைகள். ஆனாலும் பழைய பொருள் அழிந்துவிடவில்லை. பத்தியத்துக்கு முருங்கைக்காய் வாங்கிவரச் சொன்னால் பால் தெளிக்க அகத்திக்கீரை கொண்டுவருவான் என்று ஒரு பழமொழி உண்டு. பிழைக்க வைக்கும் சமையலுக்குக் காய் கேட்டால், இழவுச் சடங்குக்கான கீரையோடு வந்து நிற்கிறானாம். அந்தப் பழமொழியில் பத்தியம் என்பது காய் வாங்கி ஆக்குகிற சாப்பாடு.

இந்தப் பொருள் மிக உறுதியாக நிற்கும் இடம் பிள்ளை பெற்ற வீட்டு அடுப்படி. அங்கே கொதிக்கும் பத்தியக் குழம்பில் மிளகு, சீரகம், சுக்கு, மஞ்சள் உண்டு. பூண்டு தாராளமாக உண்டு. பெரும்பாலும் மிளகாய் கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த 1498க்கு முன் இங்கே அதற்கு இடமில்லை. உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்த அந்தக் காலத்துச் சமையலின் சாயல் பத்தியக் குழம்பில் இன்றும் தெரிகிறது. விருந்தாளியாக வந்த மிளகாய் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளின் சட்டிக்குள் மட்டும் அதை விடவில்லை.

ஊருக்கு ஊர் பெயரும் பண்டமும் மாறும். யாழ்ப்பாணத்தில் கொத்தமல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்னும் சுக்கு, உள்ளி என்னும் பூண்டு எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைப்பார்கள். நம் கடற்கரை ஊர்களில் பால் சுரக்கும் என்று பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுப்பார்கள். பேறுகாலத்து மருந்துக்குக் ‘காயம்’ என்றும் பெயர் உண்டு. கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் சேர்ந்தால் ஐங்காயம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி இடுப்புக்கு வலு என்பார்கள்.

விலக்கு இங்கேயும் நுழையாமல் இல்லை. தாகத்துக்குக்கூடத் தண்ணீரை அளந்து கொடுத்த வீடுகள் இருந்தன. பால் கொடுக்கும் உடம்புக்கு நீர் கூடுதலாகவே வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கிலோகலோரி அதிகம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பத்தியத்தின் இரு பொருளில் தாய்க்கு எது உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

தாய்வீட்டில் பத்தியம் போடப் பாட்டி, அத்தை, சித்தி என்று ஆள் இருந்தது. நகரத்து அடுக்குமாடியில் பல வேளை தாயும் தகப்பனும் மட்டும்தான், இருவருக்குமே தூக்கமில்லை. பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சட்டையும் கிலுகிலுப்பையும் வாங்கிப் போகிறோம். ஒரு தூக்குவாளியில் பூண்டுக் குழம்பும் சுடுசோறும் கொண்டுபோனால் அன்றைக்கே பயன்படும். அளவு மட்டும் இருவருக்குக் காணும்படி இருக்கட்டும். பத்தியம் அவளுக்கு என்றாலும் பசி அவனுக்கும் உண்டு.