சம்பூரும் போசணைக் கல்வியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூர், சம்பூர், கட்டைபறிச்சான் முதலிய ஊர்களிலிருந்து லோஞ்சில் வந்து, விடுதியில் தங்கிப் படித்த சகோதரிகளை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பும்போது தயிர் முட்டியும் கருவாட்டுப் பொதியும் தேன் போத்தலும் கூடவே கரையேறும். நூற்றாண்டு மலருக்கு எதை எழுதலாம் என்று நாம் கூடிப் பேசியபோது, அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்வியொன்று முன்னுக்கு வந்தது. "போசணைத் துறையில் பட்டம் பெற என்ன படிக்க வேண்டும்?" என்பதே அக்கேள்வி. விடை தேடப் போன நாம், அத்துறையின் வரலாற்றையும் சற்றே புரட்ட வேண்டியதாயிற்று.

போசணைக் கல்விக்கு வேர்கள் இரண்டு. ஒன்று ஆய்வுகூடம். 1890களில் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்கு பெரிபெரியை ஒத்த நோய் வருவதை எய்க்மான் என்னும் ஒல்லாந்த மருத்துவர் கண்டார். அதற்காக 1929இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தமிழ்நாட்டின் குன்னூரில் 1918இல் மக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வே வளர்ந்து, பின்னாளில் ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவனமாயிற்று. நெல்லை அவித்துக் குற்றும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசிமணிக்குள் இறங்குகிறது என்று விஞ்ஞானிகள் விளக்கினர். நம் பாட்டிமார் புழுங்கலரிசியை விட்டுக்கொடுக்காததற்கு அதிலே நல்லதொரு நியாயம் இருந்தது.

மற்ற வேர் மனையியல். இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் 1908இல் மனையியல் சார்ந்த உயர்கல்வி ஆரம்பமானது. அப்பிரிவே பின்னர் குயின் எலிசபெத் கல்லூரியாயிற்று. அங்கே பேராசிரியர் ஜோன் யுட்கினின் முயற்சியால் 1953இல் போசணை விஞ்ஞானப் பட்டநெறி தொடங்கியது. தமிழ்நாட்டில் இவ்விரு வேர்களையும் இணைத்தவர் இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார். 1919இல் பிறந்த அவர் அமெரிக்காவின் ஒகாயோ அரச பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1957இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தார். அது 1988இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அடுப்படியில் தொடங்கும் அறிவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு என்பதை அவர் வாழ்நாள் உழைப்பால் காட்டினார்.

நம் நாட்டில் போசணை அறிவை வீடு வீடாகக் கொண்டு சென்றவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல் அப்பணி பரவியது. 1973இல் திரிபோச வந்தது. பட்டநெறியோ பிந்தியே வந்தது. 1999இல் உருவான வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில், கால்நடை, மீன்பிடி, போசணைப் பீடத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் நான்காண்டுக் கற்கைநெறியாகக் கற்பிக்கப்படுகிறது.

இந்த வரலாற்றில் சம்பூருக்கு என்ன இடம்? 2006 ஏப்ரலில் மூண்ட சண்டையினால் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பின்னர் அவ்விடம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் காணி திரும்பக் கிடைத்தது. கடற்படை முகாமுக்குள் இருந்த சம்பூர் மகா வித்தியாலயம் 2016இலேயே விடுவிக்கப்பட்டது.

வயலும் மாட்டுப்பட்டியும் கடலும் வைத்திருந்த சனம், அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்ற உலர் உணவு நிவாரணத்துக்கு வரிசையில் நின்றது. அந்தப் பொதி பசியை ஆற்றியது உண்மை. ஆனால் கொல்லை முருங்கையும் பொன்னாங்காணியும், கரைவலை மீனும், வீட்டுத் தயிரும் அதில் இல்லை. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறியும் கொடுக்க வேண்டுமென்று தாய்மாருக்குத் தெரியும். கொடுப்பதற்குக் கைமுதல் வேண்டுமே! அவர்கள் மொழியும் சமையலும் தெரிந்த, போசணை படித்த ஒருத்தி பங்கீடு முடிவாகும் மேசையில் இருந்திருந்தால், இலைக்கறிக்கும் மீனுக்கும் முட்டைக்கும் குரல் கொடுத்திருப்பாள் என்றே நாம் எண்ணுகிறோம்.

அப்படி ஒருத்தி உருவாவதற்கான திட்டம் பதினாறு வயதிலேயே தொடங்க வேண்டும். சாதாரண தரத்தில் மனைப்பொருளியலில் திறமாகச் சித்தியடைந்த பிள்ளை, அதே விருப்பத்தோடு உயர்தரக் கலைப்பிரிவில் சேர்கிறாள். பரீட்சை முடிந்த பிறகே, அந்தப் பட்டநெறி விஞ்ஞானப் பாடங்களைக் கேட்கிறது என்று அறிகிறாள். ஆகவே விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி பெற்று, உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவதே வழி. பாடச் சேர்க்கையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் திருகோணமலை மாவட்டத்துக்கு மாவட்டப் பங்கும், கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையும் உண்டு. படிப்பு ஆங்கில மொழியில் என்பதால் ஆங்கிலத்தை இப்போதே பழகவேண்டும். அங்கே இடம் கிடைக்காதவள் விவசாயப் பட்டம் பெற்று, பேராதனை விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் உணவும் போசணையும் துறையில் முதுமாணி படிக்கலாம்.

ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. கிராமத்துப் பிள்ளை அதற்காக ஊரைவிட்டு வர வேண்டும். பஸ் செலவு, தங்குமிடம், ரியூசன் என்று வீடு கணக்குப் பார்க்கும். பெண்பிள்ளை என்றால் அந்தக் கணக்கு இன்னும் இறுகும். இங்கேதான் பழைய மாணவிகளாகிய நமக்கு வேலை இருக்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் நாம், தென்கரைப் பிள்ளைகளுள் ஆண்டுக்கு ஒருத்தியின் இரண்டு வருட விடுதிச் செலவை ஏற்கலாம். வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் பணிபுரியும் நம் சகோதரிகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசலாம்.

முன்பு லோஞ்சில் வந்த அந்தச் சகோதரிகள் கொண்டுவந்த தயிரையும் தேனையும் நாமெல்லோரும் உரிமையோடு பங்குபோட்டு உண்டோம். அவர்களின் பேத்திமாருக்கு நாம் திருப்பிக் கொடுக்கவேண்டியது நிறைய இருக்கிறது. சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டை இதிலிருந்தே தொடங்குவோம்.