இறக்குமதிப் பிழை, பைத்தான் சோதனைகளில்

பைத்தான் நிரலின் பாகங்களைத் தனித்தனியே பரீட்சிக்கும் அலகுச் சோதனையின்போது, பரீட்சைக்குரிய மாட்யூலே அகப்படவில்லை என்று இன்டர்ப்ரெட்டர் கைவிரித்துவிடும் நிலை இது. 3.6ஆம் பதிப்பு முதல் இதற்கு 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்ற தனிப்பெயர் உண்டு. பெரும்பாலும் கோப்பு இருந்த இடத்திலேதான் இருக்கும். தேடும் மார்க்கமே பிறழ்ந்திருக்கும். 'சிஸ்.பாத்' என்னும் பட்டியலில் கண்ட இடங்களை வரிசைக்கிரமமாகத் துழாவும் வழக்கமுடைய பைத்தான், 'பைத்தான் டெஸ்ட்ஸ்/டெஸ்ட்_வட்டி.பை' என்று ஏவப்படுமாயின், நாம் நிற்கும் அடைவை விடுத்து, அக்கோப்பு வசிக்கும் 'டெஸ்ட்ஸ்' அடைவையே பட்டியலின் சிரசில் வைத்துக்கொள்வதால், ஒரு படி மேலே, திட்டத்தின் மூல அடைவிலுள்ள, பரீட்சைக்குரிய 'வட்டி.பை' அதன் கண்ணுக்குத் தென்படுவதில்லை. மூல அடைவில் நின்று 'பைத்தான் -எம் யூனிட்டெஸ்ட் டெஸ்ட்ஸ்.டெஸ்ட்_வட்டி' என ஏவினாலோ, நடப்பு அடைவே முதலிடம் பெற்றுக் குறை தீரும். பைடெஸ்ட் கருவியில், 7.0ஆம் பதிப்பு முதல், 'பைத்தான்பாத்' என்னும் அமைப்பில் தேடுமிடத்தைக் குறித்து வைக்கலாம். நிரந்தரப் பரிகாரம், முறையான அமைப்புக் கோப்புடன் 'பிப் இன்ஸ்டால் -இ .' மூலம் திட்டத்தையே நிறுவிக்கொள்வது. சோதனைக் கோப்புதோறும் சிஸ்.பாத்தைத் திருத்துவது, அவசரத்துக்கு உதவினும், கிழிசலுக்கு ஒட்டுப்போடும் காரியமே. சோதனைக் கோப்புக்குப் பக்கத்தில் விளையாட்டாக 'ரேண்டம்.பை' என்று ஒரு கோப்பை வைத்தவர், அதே பெயருள்ள, பைத்தானின் செந்தர நூலகத்து மாட்யூல் மறைந்துபோகக் கண்டு திகைப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.