தலைகீழாக ஏறிய கொடி

பள்ளிக்கூட ஆண்டு விழாவிலோ, பொங்கல் விளையாட்டுப் போட்டியிலோ ‘ஸ்லோ சைக்கிள் ரேஸ்’ பார்த்திருப்பீர்கள். காலை ஊன்றக் கூடாது. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, கடைசியாக வந்து சேர்கிறவருக்குத்தான் பரிசு. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு காட்சி ஒலிம்பிக்ஸிலும் உண்டு என்றால் நம்புவீர்களா? அதுவும், உலகத்திலேயே அதிவேகமாக சைக்கிள் ஓட்டுகிற பெண்களிடம்!

லண்டன், 2012 ஆகஸ்ட் 7. பெண்கள் ஸ்பிரின்ட் சைக்கிள் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டன், உள்ளூர் செல்லப்பெண். எதிரே ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸ். மூன்று ரேஸில் இரண்டு ஜெயித்தால் தங்கம். முதல் ரேஸில் பெண்டில்டன் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்தினார். ஆனால், கடைசிப் பாய்ச்சலில் தன் பாதையின் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று நடுவர்கள் அந்த வெற்றியைப் பிடுங்கிவிட்டார்கள்.

இரண்டாவது ரேஸ். முன்னால் போய்க்கொண்டிருந்த மியர்ஸ் திடீரென்று வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் சைக்கிள் நிற்கிறதா, நகர்கிறதா என்றே தெரியவில்லை! பின்னால் வந்த பெண்டில்டனுக்கு வேறு வழியில்லை, முன்னால் போகவேண்டியதாகிவிட்டது. போனார், தோற்றார்.

இதில் என்ன சூட்சுமம் என்கிறீர்களா? காற்று! அறுபது கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும்போது முதல் எதிரி காற்றுதான். முன்னால் போகிறவர் அதைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். பின்னால் வருகிறவர் அவர் முதுகுக்குப் பின்னால் சொகுசாகப் பதுங்கி வந்து, கடைசி நேரத்தில் பக்கவாட்டில் பாயலாம். அதனால், ‘நீ முதலில் போ’ என்று இரண்டு பேருமே அடம்பிடிப்பார்கள். இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. ஃப்ரீவீலும் கிடையாது, பெடலைப் பின்னால் அழுத்தினால் சைக்கிளும் பின்னால் நகரும். சரிந்த மரத்தளத்தில் அப்படியே முன்னும் பின்னும் அசைந்து நின்றுகொண்டு எதிராளியின் பொறுமையைச் சோதிப்பது ஒரு தனிக் கலை.

அன்னா மியர்ஸுக்குப் பொறுமை இருந்ததில் ஆச்சரியமில்லை. 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஒரு போட்டியில் விழுந்து கழுத்தெலும்பில் முறிவு. ஏழே மாதத்தில் பீஜிங் ஒலிம்பிக்ஸில் இறுதிப்போட்டி வரை வந்து, இதே பெண்டில்டனிடம்தான் தோற்றார். நான்கு வருடம் காத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

நான்கு வருடம் ஒரு காத்திருப்பா என்று கேட்பார்கள், அவருக்கு முந்தைய தலைமுறைப் பெண்கள். அவர்கள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆண்களுக்கான ஸ்பிரின்ட் உலகப்போட்டி 1893-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு? 1958-ல்! இடையில் 65 வருடம். பெண்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த எலேன் டியூட்ரியூ 1895-லேயே ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டிய பெண் என்று சாதனை படைத்தவர். பிறகு சைக்கிள் போரடித்ததோ என்னவோ, ஆகாய விமானம் ஓட்டப் போய்விட்டார்! இப்படிப்பட்டவர்களைப் பார்க்கக் கூட்டமும் கூடியது. அதிகாரபூர்வமான பட்டம் என்று வரும்போதுதான் பெரியவர்களுக்கு மனசு வரவில்லை.

ஒருவழியாக 1958-ல் பாரிஸில் கதவு திறந்தது. உள்ளே நுழைந்து முதல் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் சோவியத் யூனியனின் கலினா யெர்மொலாயெவா. அடுத்த வருடமும் அவரே. அதற்கடுத்த வருடமும். 1958-லிருந்து 1972 வரை 15 வருடம் வேறு எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அந்தப் பட்டம் போகவில்லை. அதில் ஆறு யெர்மொலாயெவாவுடையது. அவருக்குப் பின் வந்த இன்னொரு கலினா - கலினா சாரெவா - 1969-லிருந்து 1979-க்குள் தன் பங்குக்கு ஆறு ஜெயித்தார். ஆளுக்கு ஆறு உலகப் பட்டம். ஒலிம்பிக்ஸ் தங்கம் எத்தனை என்றால்... பூஜ்யம்.

காரணம் எளிது. ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு சைக்கிள் போட்டியே கிடையாது! ஆண்களுக்கு 1896-ல், முதல் நவீன ஒலிம்பிக்ஸிலேயே சைக்கிள் இருந்தது. பெண்களுக்கு 1984-ல்தான் போனால் போகிறதென்று ஒரே ஒரு சாலைப் போட்டி கொடுத்தார்கள். அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸை சோவியத் யூனியன் புறக்கணித்தது வேறு விஷயம். ஸ்பிரின்ட் வந்தது 1988-ல், சியோலில். இரண்டு கலினாக்களின் காலமும் முடிந்துபோயிருந்தது. ஏழு, எட்டு வருடம் முன்பின்னாகப் பிறந்தால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்போம். இவர்களுக்கு வந்தது.

(கஞ்சத்தனம் அதோடு நிற்கவில்லை. குழு ஸ்பிரின்ட்டில் ஆண்களுக்கு மூன்று பேர் என்றால் பெண்களுக்கு இரண்டு பேர்தான் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒலிம்பிக்ஸில் அந்த மூன்றாவது பெண்ணுக்கு இடம் கிடைத்தது 2024-ல், பாரிஸில்!)

சியோலுக்கு வருவோம். வெள்ளி வாங்கியவர் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ரோட்டன்பர்கர். அடிப்படையில் இவர் பனிச்சறுக்குக்காரி. அதே 1988 பிப்ரவரியில் கனடாவின் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஐஸ் மீது ஓடி ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கியிருந்தார். பனி இல்லாத மாதங்களில் தொடை இளைத்துவிடக் கூடாதே என்று சைக்கிள் மிதிப்பது இவர்கள் வழக்கம். ஒரே வருடத்தில் இரண்டு ஒலிம்பிக்ஸிலும் பதக்கம் வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். 1994-லிருந்து இரண்டு ஒலிம்பிக்ஸையும் வேறு வேறு வருடங்களுக்கு மாற்றிவிட்டதால் யாரும் கிட்டே வரவும் முடியாது.

தங்கம் வாங்கியவர் எரிகா சலுமே. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘சோவியத் யூனியன்’ என்று இருக்கும். ஆனால், அவர் ரஷ்யர் இல்லை. பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்டோனியாவின் பார்னு என்கிற ஊரில் 1962-ல் பிறந்தவர்.

எஸ்டோனியா மிகச் சின்ன நாடு. ஜனத்தொகை அப்போது சுமார் 15 லட்சம். 1940-ல் சோவியத் படைகள் வந்து விழுங்கிவிட்டன. நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைகள் கொண்ட அவர்கள் கொடிக்குத் தடை. தேசிய கீதத்துக்கும் தடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்டோனியா, பின்லாந்து இரண்டு நாட்டு தேசிய கீதங்களுக்கும் மெட்டு ஒன்றுதான்! கடலுக்கு அந்தப் பக்கம் பின்லாந்து வானொலி தினமும் இரவு நிகழ்ச்சிகளை முடிக்கும்போது தன் கீதத்தை ஒலிபரப்பும். இந்தப் பக்கம் எஸ்டோனியர்கள் அதைக் கேட்பார்கள். அடுத்த நாட்டுப் பாட்டைக் கேட்காதே என்று யார் தடுப்பது?

1988-ல் அந்த மக்கள் துப்பாக்கி எடுக்கவில்லை, பாட ஆரம்பித்தார்கள். தலைநகர் டாலினில் பாட்டுத் திருவிழா நடக்கும் மைதானத்தில் செப்டம்பர் 11-ம் தேதி மூன்று லட்சம் பேர் கூடினார்கள் என்கிறார்கள். அதாவது, ஐந்து பேரில் ஒருவர்! சரித்திரத்தில் இதற்கு ‘பாடும் புரட்சி’ என்றே பெயர். இது நடந்து இரண்டே வாரத்துக்குள் சியோலில் எரிகா தங்கம் வாங்கினார். மேடையில் நின்றார். ஏறியது சிவப்புக் கொடி. ஒலித்தது சோவியத் கீதம்.

அந்த நிமிடம் அவர் மனசில் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப்போவதில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். 1989 பிப்ரவரி 24-ம் தேதி டாலின் கோட்டையின் உயரமான கோபுரத்தில் பழைய மூவர்ணக் கொடி ஏறியது. 1991 ஆகஸ்ட்டில் எஸ்டோனியா மறுபடி சுதந்திர நாடானது. அடுத்த வருடமே பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். கோடைக்கால ஒலிம்பிக்ஸில் எஸ்டோனியா தன் சொந்தப் பெயரில் கடைசியாகக் கலந்துகொண்டது 1936-ல், பெர்லினில். அங்கே கிறிஸ்ட்யான் பலுசலு என்கிற மல்யுத்த வீரர் இரண்டு தங்கம் வாங்கினார். அதோடு சரி. 56 வருட இடைவெளி.

எரிகாவுக்கு அப்போது வயது முப்பது. ஸ்பிரின்ட்டில் முப்பது என்றால் வழிவிடுகிற வயது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஜூலை கடைசியில், பார்சிலோனாவின் ஓர்ட்டா மைதானத்தில், ஜெர்மனியின் அனெட் நாய்மனோடு இறுதிப்போட்டி. எரிகா ஜெயித்தார். ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஸ்பிரின்ட் அதுவரை நடந்ததே இரண்டு தடவைதான். இரண்டு தங்கமும் ஒரே பெண்ணுக்கு, இரண்டு வேறு வேறு நாடுகளின் பெயரில்.

பதக்கம் கழுத்தில் விழுந்தது. கொடி ஏற ஆரம்பித்தது. கோடு போட்ட கொடிகளில் ஓர் ஆபத்து உண்டு. நமக்கே தெரியும், சுதந்திர தினத்தன்று எங்காவது ஒரு ஊரில் பச்சை மேலே போய்விடும், மறுநாள் பேப்பரில் படம் வரும். பார்சிலோனாவில் கொடி ஏற்றியவர்கள் எஸ்டோனியக் கொடியை அதற்கு முன் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

கம்பத்தில் தலைகீழாக ஏறிக்கொண்டிருந்தது அது. மேலே இருக்க வேண்டிய நீலம் கீழே. கீழே இருக்க வேண்டிய வெள்ளை மேலே. நடுவில் இருந்த கறுப்பு மட்டும்தான் அதனதன் இடத்தில் இருந்தது.