கீழ்ப்பழனி மலைக் காப்பி

கீழ்ப்பழனி மலைக் காப்பி என்பது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் தாழ்ந்த சரிவுகளில் சிறு, குறு விவசாயிகள் நிழல் மரங்களுக்கு அடியில் வளர்க்கும் அராபிகா காப்பி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பன்றிமலை, பாச்சலூர் ஆகியவை இது விளையும் ஊர்களுள் சில. காப்பி வாரியம் இப்பகுதியைப் ‘புல்னீஸ்’ என்ற பெயரில் தனி வட்டாரமாகக் குறிக்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்தாருக்கு மலைத்தோட்டம் என்றால் மாஞ்சோலைதான். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற ஒரே நிறுவனம் அங்கே தேயிலை வளர்த்தது. கீழ்ப்பழனியில் அப்படியல்ல, நிலம் பல கைகளில் இருக்கிறது; தோட்டக்காரரே பயிரிடுகிறார், பல இடங்களில் அவரே பழத்தைப் பதப்படுத்தவும் செய்கிறார்.

பயிர்

அராபிகாவின் தாயகம் எத்தியோப்பியா. ஏமன் வழியாக அது கர்நாடகத்தின் பாபாபூதன் மலைக்கு வந்ததாக மரபு. கீழ்ப்பழனியில் பரவலாக உள்ள எஸ்.795 ரகம், இலைத் துருநோயைத் தாங்குவதற்காக 1940களில் கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் உருவாக்கப்பட்டது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

தோட்டத்தில் காப்பி தனியாக நிற்பதில்லை. சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை நிழல் தர, மிளகுக்கொடி மரமேறும்; இடையில் ஆரஞ்சும் மலைவாழையும் நிற்கும். முடிக்கொத்து நோய் மலைவாழையை அழித்த காலத்தில் காப்பியும் மிளகுமே பல குடும்பங்களைத் தாங்கின. காப்பிச் செடிக்கு இன்று பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். நிழல் குறைந்த தோட்டத்தில் அதன் தாக்குதல் கூடும்.

பதப்படுத்தல்

கோடை மழையில் பூக்கும் அராபிகா எட்டு, ஒன்பது மாதத்தில் பழுக்கிறது. பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்து, பல்ப்பர் இயந்திரத்தில் தோல் நீக்கி, புளிக்கவிட்டுக் கழுவி, ஈரப்பதம் 10 விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை களத்தில் உலர்த்தினால் ‘பார்ச்மெண்ட்’ கிடைக்கும். பழத்தை அப்படியே உலர்த்துவது ‘செர்ரி’. பறிப்புக் காலத்தின் தொடக்கம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால் உலர்த்துவதே பெரும்பாடு. ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்துச் சுவை கெடும். மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி இக்காப்பியின் பழைய வணிக ஊர்.

சந்தையும் அடையாளமும்

விளைச்சலைக் காப்பி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்த கட்டாயத் தொகுப்பு விற்பனை முறை 1990களில் நீங்கிய பின் விவசாயி தன் விளைச்சலைத் தானே விற்கலாம். ஆயினும் சிறு மூட்டைகள் வியாபாரியிடம் கலந்துவிடுகின்றன. எந்த ஊர்க் காப்பி என்பது அங்கேயே மறைகிறது. மாறாக, கென்யாவில் சிறு விவசாயிகள் பழத்தைத் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கழுவு நிலையத்தில் கொடுக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயரிலேயே காப்பி ஏலத்துக்குப் போகிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளின் காப்பியும் இவ்வாறே தன் ஊர்ப்பெயரால் அறியப்பட்டது.

2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து வட்டாரக் காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அவற்றில் தமிழ்நாட்டுக் காப்பி எதுவும் இல்லை. கீழ்ப்பழனியில் ரகமும் உயரமும் நிழலும் உழைப்பும் ஏற்கெனவே உண்டு. அதன் காப்பி ஊர்ப்பெயரோடு விற்க, ஊர்தோறும் பொதுக் கழுவு நிலையமும் மழைக்கு மறைவான உலர்களமும் அமைவதே முதல் தேவை.